எட்டுப் பங்குக் கிணறு: வலிகாமம் கிழக்கில் ஒரு தோட்டக் கிராமத்தின் சனமும் சீவியமும்

ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் கிராம அலுவலர் ஒரு எண் சொல்வார். தோட்டம் செய்து சீவிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். அன்று யாருடைய முறை, யார் இறைக்கிறார், யாருடைய பாத்திக்குத் தண்ணி போகிறது என்று ஒரு நாலு நாள் பார்த்தால் போதும்.

நான் பார்த்த கிணறு நீர்வேலிக்கும் அச்சுவேலிக்கும் இடைப்பட்ட செம்மண் பகுதியில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்தப் பங்கு யார் வீட்டுப் பங்கு என்று பக்கத்து ஊர்க்காரர்கூடச் சொல்லிவிடுவார்கள். எட்டுப் பங்கில் ஒன்று எங்கள் வீட்டுடையது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாண நகரத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். எங்கள் நாலு பரப்புக் காணியும் குத்தகைக்குப் போய்ப் பல வருடமாகிறது. ஒரு வெங்காயப் போகமும் ஒரு புகையிலைப் போகமும் சனி ஞாயிறுகளில் கிணற்றடியில் போய் இருந்தேன். பழைய காணி உறுதிப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன், வயதானவர்களிடம் கேட்டேன். கேட்டு அறிந்ததைவிடப் பார்த்து அறிந்ததுதான் அதிகம். தண்ணி கட்டுகிறவருக்கு நின்று கதைக்க நேரம் இருப்பதில்லை.

மண்ணும் தண்ணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் ஓடிவிட்டுக் காய்ந்துவிடும். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டி முடிந்துவிடும். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர் நீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு இதற்குச் சாட்சி: மேல்தண்ணி நன்னீர், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊரில் காணி இரண்டு வகை. தாழ்வான பக்கம் வயல். மழையை நம்பிப் புரட்டாதியில் உழுது விதைத்து, தை மாசியில் அரிவு வெட்டுவார்கள். ஒருகாலத்தில் மொட்டைக்கறுப்பன் விதைத்த வயல்கள் அவை. அந்த நெல் வீட்டுச் சோற்றுக்கு. மேட்டுப் பக்கம் செம்மண் தோட்டம், அது காசுக்கு. தோட்டம் என்றால் கிணறு. கிணறில்லாத செம்மண் காணி வேனிலில் வெறும் புழுதி.

நாங்கள் காணியை ஏக்கரில் பேசுவதில்லை, பரப்பில்தான் பேசுவோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். இந்தக் கிணற்றுக்குக் கீழே 32 பரப்பு இருக்கிறது, அதாவது வெறும் இரண்டு ஏக்கர். இந்த இரண்டு ஏக்கரை நம்பி எட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். வயலும், பத்துப் பதினைந்து பனையும், ஒரு மாடும், நாலு ஆடும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் கையில் காசு புழங்கியது கிணற்றால்தான்.

பங்கும் முறையும்

கிணறு என் பூட்டனார் காலத்தில் நாலு சகோதரங்கள் சேர்ந்து வெட்டியது. கல்லை உடைத்து வெட்டிய கிணறு. முதலில் நாலு பங்கு, ஆளுக்கு ஒரு நாள். பிறகு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது நாள் இரண்டாக உடைந்து காலை முறை, மாலை முறை என்று எட்டானது. சுற்று அப்படியே நாலு நாள்தான். வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒரு தண்ணி என்பது இந்தச் சுற்றோடு சரியாகப் பொருந்தும். பங்கு பிரித்தவர்கள் பயிரை அறிந்து பிரித்திருக்கிறார்கள்.

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைதான் காணி விஷயத்தில் இன்றும் எங்கள் சட்டம். முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, பிள்ளைகளுக்கு இறங்கும், சீதனம் பெண்பிள்ளையோடு போகும். காணி போகும்போது கிணறும் கூடப் போகும். எந்தப் பழைய உறுதியை விரித்தாலும் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் என்று ஒரு வரி இருக்கும். விற்பதென்றால் கூட்டுப் பங்காளிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1947இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அந்நியர் கிணற்றடிக்கு வந்துவிடக் கூடாது என்ற கவனம் இதில் எங்கும் உண்டு.

அந்நியர் என்றால் யார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். துலா, அதாவது ஏற்றம், இருந்த காலத்தில் ஒரு முறைக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் நின்று தண்ணி கட்ட ஒருவர். விடிய முன்னம் தொடங்கும் வேலை. பங்காளிகள் ஒருவருக்கொருவர் கைமாறாகப் போவதும் உண்டு. ஆனால் இந்தக் கிணற்றில் துலா மிதித்தவர்களில் கனபேர் பங்கில்லாதவர்கள். காணி வாங்க வழியில்லாதபடி சாதி வைத்திருந்த குடும்பங்கள். நாள் முழுக்க அந்தத் தண்ணியை இறைத்துவிட்டு, குடிக்க மட்டும் யாராவது வார்த்துவிடும் வரை கையேந்தி நிற்க வேண்டியிருந்தது. என் அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார். இதை விட்டுவிட்டு இன்றைய நிலையை விளக்க முடியாது. ஏனென்று பின்னால் வரும்.

தண்ணி இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் வந்தது என் அப்பாவின் இளவயதில். மூன்று பேர் வேலை ஒருவருக்குச் சுருங்கியது. துலா இருந்தவரை ஆளின் உடம்புதான் எல்லை, கிணறு ஒருபோதும் வற்றவில்லை என்கிறார்கள். மிசின் வந்தபிறகு பங்குனி சித்திரையில் கிணற்றின் அடிக்கல் தெரிந்திருக்கிறது.

இன்று எட்டுப் பங்கும் எங்கே

முதலாம் பங்கு மூத்தவர் வீட்டுடையது. மூன்று ஆண்பிள்ளைகள். ஒருவர் கனடா, ஒருவர் ஜேர்மனி, ஒருவர் போரில் இல்லாமல் போனார். காணியில் இப்போது கதலி வாழை நிற்கிறது, குத்தகைக்காரர் வைத்தது.

இரண்டாம் பங்கு சீதனமாக வேறு ஊருக்குப் போனது. பேரப்பிள்ளைகள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். காணியின் எல்லை எதுவென்று அவர்களுக்குத் தெரியாது, ஒருமுறை வந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இதுவும் குத்தகை.

மூன்றாவது எங்களுடையது.

நாலாம் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார், எனக்குப் பெரியப்பா முறை. எழுபது தாண்டிவிட்டது. இன்னும் தானே மண்வெட்டி பிடிக்கிறார். நாலு பரப்பில் இரண்டைத்தான் செய்கிறார், மற்ற இரண்டில் மரவள்ளியை ஊன்றிவிட்டிருக்கிறார், ஏனென்றால் அது பார்க்க ஆள் கேட்காத பயிர். மகன் ஆசிரியர். "அவன் பள்ளிக்கூடத்தாலை வந்து மண்வெட்டி பிடிக்கிறதோ? நான்தானே வேண்டாம் எண்டு படிப்பிச்சனான்" என்றார். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. படிப்பித்தது வெற்றி என்றுதான் அவர் நினைக்கிறார். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரர் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஐந்தாம் பங்கைச் சுவிசில் இருப்பவர் ஒருவர் வாங்கி மாடி வீடு கட்டினார். செம்மண்ணுக்கு மேல் கொங்கிறீற்று. தனக்கென்று குழாய்க் கிணறு அடித்துக்கொண்டதால் பங்குக் கிணற்றுக்கு வருவதில்லை. வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் விளக்கு எரியும். மற்ற நாட்களில் காவலுக்கு ஒரு குடும்பம் பின்பக்கத்து அறையில் இருக்கிறது. குடும்ப அட்டைக் கணக்கில் அந்தக் காணியில் ஆட்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை.

ஆறாம் பங்கு தரிசு. இரண்டு சகோதரங்களுக்கிடையே பிரிவினை வழக்கு. பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து பூத்து, காற்றடித்தால் விதை மற்ற ஏழு பங்குக்கும் பறக்கிறது. வழக்கில் யார் வென்றாலும் புல்லுப் பிடுங்குகிற செலவு பக்கத்துக் காணிக்காரருக்குத்தான்.

ஏழாம் பங்கில் ஒரு அக்கா. கணவர் போர்க்காலத்தில் இல்லாமல் போனவர். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு பரப்பையும் தானே செய்கிறார். கீரை, கத்தரி, பயற்றை, கொஞ்சம் வெண்டி. நாளுக்கு நாள் காசு வரும் பயிர்களாகப் பார்த்து வைத்திருக்கிறார். ஒரே போகத்தில் முழுக்காசையும் மண்ணில் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருக்க அவரால் முடியாது. விடிய நாலு மணிக்குக் கீரை பிடுங்கிக் கட்டி, சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோய், எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார்.

எட்டாம் பங்கு லண்டனில் இருப்பவருடையது. குத்தகை.

ஆக, ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு என நாலு பங்கும் ஒரே குத்தகைக்காரர் கையில். இரண்டு பங்கில் சொந்தக்காரர். ஒன்று வீடு, ஒன்று பற்றை. எட்டு வீடு இறைத்த கிணற்றில் இன்று இறைப்பது மூன்று வீடு. உரித்தாளிகளின் பெயரை எழுதிப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் வரை எழுதியபோது கொப்பித் தாள் ஒன்று போதவில்லை. காணிக்கு உரியவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், அதில் மண்வெட்டி பிடிப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக முக்கியமான தகவல் இதுதான்.

எப்போது போனார்கள்

எல்லாவற்றையும் போரின் தலையில் போடுவது சுலபம். ஆனால் ஊரை விட்டுப் போகும் பழக்கம் போருக்கு முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவுக்குப் போய் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியத்தோடு திரும்பிக் கல்வீடு கட்டியவர்கள் ஊரில் உண்டு. காணி போதாத இளையவர்கள் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களுக்குப் போனார்கள். எழுபதுகளில் விசுவமடுவுக்கு மிளகாய் செய்யப் போனவர்களும் உண்டு. இரண்டு ஏக்கரை எட்டுக்கு மேல் உடைக்க முடியாது என்று தெரிந்தே போனார்கள்.

நடுவில் ஒரு நல்ல காலம் வந்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. செம்மண் தோட்டக்காரனுக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்தால் பழைய வீடுகளின் முகப்பில் கட்டிய வருடம் பொறித்திருக்கும். 1973, 1975, 1976 என்று வரிசையாகப் பார்க்கலாம். வெங்காயம் கட்டிய வீடுகள் அவை. வேலை கிடைக்காத படித்த பொடியன்கள்கூடத் தோட்டத்துக்கு இறங்கிய காலம். 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. விலை விழுந்தது. அடுத்த வருடங்களில் மத்திய கிழக்குக்குப் போகும் கதை ஊரில் தொடங்கிவிட்டது. 1983 ஆடிக்குப் பிறகு ஐரோப்பாவும் கனடாவும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடியது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. யூரியா வெடிமருந்தாகும் என்று தடை. மிசின்களைத் துடைத்து வைத்துவிட்டு, கழற்றிப் போட்ட துலாவைத் திரும்பப் பூட்டினார்கள். குழை தாட்டார்கள், பனையோலை தாட்டார்கள், இரவில் தோட்டத்தில் மாட்டுப்பட்டி அடைத்தார்கள். பழைய விவசாயம் திரும்பியது என்று இதைப் பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் துலா மிதித்த என் அப்பா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கிணற்றடி வைரவருக்கு விளக்கு வைக்க ஆளில்லாமல் போனது அப்போதுதான். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது கூரைக்குக் கீழ் பிடி கட்டித் தூக்கியிருந்த வித்து வெங்காயம் இல்லை. வித்து வெங்காயம் போனால் ஒரு போகம் போனதாக அர்த்தம். திரும்பி வராத வீடுகளும் உண்டு. முதலாம் பங்கும் எட்டாம் பங்கும் அப்படிப் போனவை.

மாவட்டக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. கிளிநொச்சியைத் தவிர்த்துப் பார்த்தால், 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 7,38,000 பேர். அடுத்து முழுமையாக எண்ணியது 2012இல். அப்போது சுமார் 5,83,000. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. அரசியல்வாதிகள் மேடையில் அதிகம் சொல்லாத எண்கள்.

ஆனால் எங்கள் ஊரில் தலைக்கணக்கு மாவட்டம் அளவுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வளவுகளில் கொட்டில் போட்டு இருந்து, பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய சொந்தச் செம்மண் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அங்கே தோட்டக்காரராக இருந்தவர்கள் இங்கே கூலிக்குப் போனார்கள். பிள்ளைகள் மேசன் வேலை, முச்சக்கரவண்டி, கடை, அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை என்று போய்விட்டார்கள். கிராம அலுவலரின் எண்ணும் கிணற்றின் எண்ணும் ஒன்றோடொன்று சேராமல் நிற்பது இதனால்தான்.

குத்தகைக்காரர் வீட்டு வருடம்

நாலு பங்கை எடுத்துச் செய்கிறவரை நான் அண்ணை என்று கூப்பிடுகிறேன். அவருடைய தகப்பனார் இதே கிணற்றில் துலா மிதித்தவர். என் அப்பாவின் தலைமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட அந்த மனிதரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "நான் சின்னனிலை இந்தக் கிணத்துக் கட்டிலை ஏறினா ஏச்சு விழும். இப்ப நான் வராட்டி மிசின் ஸ்ராட் ஆகாது" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வருடம் புரட்டாதியில் வயலோடு தொடங்கும். அதுவும் குத்தகை. மழை அடங்கும்போது மார்கழியில் இரண்டு பங்குக்கு வெங்காயம், ஒரு பங்குக்குப் புகையிலை. முதலாம் பங்கில் வாழை வருடம் முழுக்க நிற்கும். வெங்காயம் தை கடந்து மாசி பங்குனியில் கிண்டுவார்கள். புகையிலை சித்திரை வரை போகும். பிறகு வைகாசியில் இன்னொரு வெங்காயம், இடையில் கத்தரி, மிளகாய், ஒரு துண்டுக்குக் குரக்கன். வீட்டில் இரண்டு கறவை மாடு. பனைக்காலத்தில் ஒடியல், புழுக்கொடியல் எல்லாம் மனைவியின் கணக்கு, அந்தக் காசில் இவர் கை வைப்பதில்லை.

புகையிலையைப் பற்றி எல்லாரும் அறிவுரை சொல்லிவிட்டார்கள். 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்தப் போகிறோம் என்று அரசு அறிவித்ததும் நினைவிருக்கும். தோட்டத்தில் நின்று பார்த்தால் ஏன் நிற்கவில்லை என்று விளங்கும். ஆடு மாடு புகையிலையைக் கடிக்காது, வேலி சரியில்லாத குத்தகைக் காணிக்கு இது பெரிய விஷயம். வியாபாரி தோட்டத்துக்கே வந்து நின்ற பயிரைப் பார்த்து விலை பேசுவார். காசு ஒரே தொகையாகக் கையில் வரும். பிள்ளையின் ரியூசன் காசு, அடகு வைத்த நகை, அடுத்த போகத்தின் வித்து எல்லாம் அந்தத் தொகையில்தான் தீரும். கத்தரிக்காயில் அப்படித் தொகை கிடைக்காது. மாற்றுப் பயிர் சொல்ல வருகிறவர்கள் பயிரை மட்டும் சொல்கிறார்கள், அந்தத் தொகைக்கு மாற்று என்ன என்று சொல்வதில்லை.

சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று தள்ளிவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு போடுகிறார்கள். அழுகல் என்றால் சரி, நல்ல காய்க்கும் அதே கழிவுதான். இது பலமுறை கூட்டங்களில் பேசப்பட்டு, நிறுத்துவதாகச் சொல்லப்பட்டு, அடுத்த கிழமை திரும்ப நடக்கிறது. அக்கா இதனால்தான் கீரையைக் கட்டாகவே விற்கிறார். கட்டை யாரும் தராசில் வைக்க முடியாது.

வெங்காயம் நடுவது, புல்லுப் பிடுங்குவது, கிண்டுவது, பிடி கட்டுவது எல்லாம் பெண்களின் வேலை. ஆணுக்குக் கொடுக்கிற நாட்கூலி இவர்களுக்கு இல்லை. காலையில் தேத்தண்ணி, பதினொரு மணிக்கு ஏதாவது சாப்பாடு கொடுத்தால்தான் வருவார்கள். நடுகைக் காலத்தில் ஒரே நாளில் எல்லாருக்கும் ஆள் வேண்டும். முந்தின நாள் இரவே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். வருகிறவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை நான் அரிதாகத்தான் பார்த்தேன். இளம் பெண்கள் வெயிலுக்கு வரமாட்டார்கள் என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்கிறவர்களின் மகள்மாரும் வருவதில்லை.

குத்தகை வாய்ச்சொல். வருடம் ஒருமுறை காசு, எழுத்து இல்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து தன் சார்பில் பார்க்க யாருக்காவது அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பார், அவருக்குக் காசைக் கொடுத்தால் முடிந்தது. அடுத்த வருடம் விற்றுவிட்டேன் என்று ஒரு அழைப்பு வரலாம். இந்த நிலையில் யார் காணிக்குக் குழை தாட்டு, எருப் போட்டு, மூன்று வருடத்தில் பலன் வரட்டும் என்று காத்திருப்பார்? உரம் உடனே வேலை செய்யும். எங்கள் காணிக்கு அவர் போடுகிற யூரியாவில் என் பங்கும் இருக்கிறது. நான் எழுத்தில் ஒரு ஐந்து வருடக் குத்தகை கொடுக்காததும் காரணம்தானே.

போடுகிற உரத்தில் பயிர் எடுக்காதது கல் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கே திரும்புகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிய அளவைக் கண்டிருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. ஊரில் இப்போது கைக்குழந்தை உள்ள வீடுகள் போத்தல் தண்ணி வாங்குகின்றன. தோட்டக் கிணற்றடியில் நின்று போத்தலில் தண்ணி குடிப்பதைப் பார்க்க ஒருமாதிரித்தான் இருக்கிறது.

ஒரு மின் இணைப்பு

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. வருட முடிவில் விலக்கினார்கள், ஆனால் அதற்குள் வெங்காயம் மஞ்சளடித்துவிட்டது. விலக்கிய பிறகு உரம் பழைய விலைக்குக் கிடைக்கவில்லை. அந்த அடி ஆறுவதற்குள் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாவானது. அதற்கு முந்திய மாதங்களில் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்ததை விலையில் சேர்க்கவில்லை. அந்தப் போகம் அண்ணை எடுத்த நாலு பங்கில் இரண்டுக்குத்தான் இறைத்தார். எங்கள் பங்கு காய்ந்தது. குத்தகைக் காசை நான் கேட்கவில்லை, கேட்காததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

மின் மோட்டர் போட்டால் செலவு குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பம் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஆனால் இணைப்புக் கேட்டுப் போனபோது காணி யார் பெயரில், கிணறு யார் பெயரில், பங்காளிகளின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். கிணறு எட்டுப் பங்கு, பங்கு ஒவ்வொன்றும் மூன்று நாலு பேரப்பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது, அவர்கள் நாலு நாட்டில். விண்ணப்பம் கொடுக்கிறவருக்கோ பங்கே இல்லை.

கடிதம் சேர்க்கும் வேலையை நான் எடுத்தேன். கனடாவில் இருந்து ஒரு கிழமையில் வந்தது. ஜேர்மனிக்காரர் இரண்டு மாதம் யோசித்தார். மின்சாரம் எடுத்தால் குத்தகைக்காரர் காணியைப் பிடித்துவிடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெள்ளவத்தையில் உடனே கையெழுத்து, ஆனால் எந்தக் கிணறு என்று கேட்டார்கள். லண்டன்காரர் காணியை விற்கத்தான் யோசிக்கிறேன், வாங்க ஆள் இருந்தால் சொல்லு என்று பதில் எழுதினார். ஆறாம் பங்கில் கதை நின்றது. அண்ணன் கையெழுத்து வைத்தால் தம்பியின் பங்கை ஒப்புக்கொண்டதாகுமாம், தம்பி வைத்தால் அண்ணனுடையதை. இரண்டு பேரும் என்னோடு நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள், தேத்தண்ணியும் தந்தார்கள். கடிதம் மட்டும் தரவில்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் வழி சொன்னது ஏழாம் பங்கு அக்கா. அவருடைய உறுதி தனியாகப் பிரித்து எழுதியது. காணி அவருடைய பெயரில், குடியிருப்பதும் அதிலேயே. மீற்றரைத் தன் காணி எல்லையில், தன் பெயரில், தோட்டத் தேவைக்கென்று எடுத்தார். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு அவர் உறுதியிலேயே எழுதியிருந்தது, அதைக் காட்ட அவருக்கு யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. அண்ணை மோட்டர் வாங்கிப் போட்டார். பெரியப்பா குழாய்க்குக் காசு கொடுத்தார். நான் கொஞ்சம் கொடுத்தேன்.

பில் அக்கா பெயரில் வருவதால் கணக்கு எழுத வேண்டி வந்தது. அவருடைய இளைய மகளின் பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, திகதி, தொடங்கிய யூனிட், முடிந்த யூனிட், யார் என்று எழுதுகிறார்கள். முறை இருந்த இடத்துக்கு யூனிட் வந்துவிட்டது. இப்போது நாலு நாள் சுற்றை யாரும் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. தேவையானவர் கேட்டுவிட்டு இறைக்கிறார். இறைப்பது மூன்று வீடு என்பதால் அது சரிவருகிறது. ஆனால் மோட்டர் களைப்பதில்லை. போன சித்திரையில் அடிக்கல் வழக்கத்தைவிட முந்தித் தெரிந்ததாகப் பெரியப்பா சொன்னார். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து ஓடக் கூடாது என்று மூன்று பேரும் பேசிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். காணிக்காரர்களில் அந்தப் பேச்சில் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

ஆவணியில் கடைசியாகப் போனபோது கொப்பியை வாங்கிப் புரட்டினேன். எங்கள் நாலு பரப்புக்கு இறைத்த நாட்களைத் தேடினால் என் பெயர் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் அக்காவின் மகள் எழுத்தில் "மாமா" என்று இருந்தது. அண்ணையை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றைய வரியில் தொடங்கிய யூனிட் மட்டும் எழுதியிருந்தது. மோட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.